பாரோ கொலராடோ: கால்வாய்க்காகத் தேக்கிய ஏரியில் தீவாகிப்போன குன்று

முதல் நாள்: பனாமா நகரம், மிராஃப்ளோரஸ்

பாரோ கொலராடோ தீவாகி நூற்றுப் பத்து வருடங்கள்தான் ஆகின்றன. அதற்கு முன் அது சாக்ரஸ் ஆற்றங்கரையில் காடு மூடிக் கிடந்த ஒரு குன்று. கடல் சூழ்ந்த தீவை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இது நன்னீர் ஏரிக்குள் இருக்கிறது, அந்த ஏரியும் மனிதர்கள் தேக்கியது. அதனால் காட்டுக்குள் நுழையும் முன் ஒரு நாளைக் கால்வாய்க்கு ஒதுக்கிவிடுங்கள். ஏன் இங்கே இது இருக்கிறது, அங்கே அது இல்லை என்று காட்டில் எழும் பாதிக் கேள்விகளுக்கு விடை தண்ணீரில்தான்.

1881-ல் தொடங்கிய பிரெஞ்சுக்காரர்கள், கடல் மட்டத்திலேயே வெட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நம்பினார்கள். சாக்ரஸ் ஆற்றின் வெள்ளம், மண் சரிவு, மலேரியா, மஞ்சள் காய்ச்சல் எல்லாம் சேர்ந்து 1889-ல் கம்பெனியைத் திவாலாக்கின. அந்தக் காலத்தில் இறந்தவர்கள் சுமார் 22,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். 1904-ல் பொறுப்பெடுத்த அமெரிக்கர்கள் வெள்ளம் கொண்டுவந்த ஆற்றையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். காத்தூனில் சாக்ரஸின் குறுக்கே சுமார் 2.3 கிலோமீட்டர் நீளத்துக்கு மண் அணை எழுப்பினார்கள். அதன் அடிப்பகுதியின் அகலம் மட்டும் 800 மீட்டர். 1913 ஜூனில் கலிங்கின் கதவுகளை மூடியதும் நீர் பள்ளத்தாக்குகளில் ஏறி, கடல் மட்டத்துக்கு மேல் 26 மீட்டரில் நின்றது. சுமார் 425 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஏரிதான் அன்றைக்கு உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரி. கோர்கோனா, மட்டாசின் போன்ற ஊர்கள், பழைய ரயில் பாதை, வாழைத் தோட்டங்கள் எல்லாம் அடியில் போயின. மேலே மிஞ்சிய குன்றுகளில் பெரியது பாரோ கொலராடோ, 1,560 ஹெக்டேர்.

மிராஃப்ளோரஸில் கப்பல்கள் ஏறி இறங்கும் கதவுத் தொட்டிகளைப் பார்க்கலாம். இங்கே லாக் என்றுதான் சொல்கிறார்கள். நேரம் தெரியாமல் போனால் காலித் தொட்டியைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். பொதுவாகக் காலையில் பசிபிக் பக்கத்துக் கப்பல்கள் ஏறிப் போய்விடும், எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவை இங்கே வந்து இறங்கப் பிற்பகல் மூன்று மணி ஆகிவிடும். இடைப்பட்ட நண்பகலில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. கதவைத் திறந்து மூட மின்சாரம் வேண்டும், தொட்டியில் நீர் ஏற்ற எந்தப் பம்பும் கிடையாது. ஏரி நீர் தன் எடையாலேயே இறங்கித் தொட்டியை நிரப்புகிறது. பழைய லாக்குகளில் ஒரு கப்பல் கடக்கும்போது சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. அத்தனையும் மழை தந்த நீர். அந்த மழையைப் பிடித்து வைத்து மெல்ல விடுவது ஏரியைச் சுற்றியுள்ள காடு. இந்தக் காடுகள் பிழைத்திருப்பதற்குக் கால்வாயின் கணக்கும் ஒரு காரணம்.

புறப்படும் முன் கவனிக்க வேண்டிய காகித வேலை ஒன்று: பனாமாவிலிருந்து திரும்புகிறவர்களிடம் இந்திய விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். கையில் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடினால் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்பே நாள் கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு காலத்தில் கால்வாய் வேலையையே நிறுத்திய நோய் இது. 1904-லிருந்து மருத்துவர் வில்லியம் கார்காஸ் கொசு வளரும் தேங்கு நீரைத் தேடித் தேடி அழித்ததில் 1906-க்குள் கால்வாய்ப் பகுதியிலிருந்து மறைந்தது.

இரண்டாம் நாள்: காம்போவா

நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். சாக்ரஸ் ஆறு கால்வாயில் கலக்கும் முனையில் இருக்கும் ஊர். அமெரிக்கர் கட்டிய மர வீடுகள், தூர் வாரும் கப்பல்கள் நிற்கும் துறை, வீதியோரப் புல்லில் மேயும் அகூட்டி என்னும் கொறிணிகள். பெரிய கடை கிடையாது, வேண்டியதை நகரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

தீவை நடத்துவது ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனம். நினைத்த நேரத்தில் படகு பிடித்துப் போக முடியாது. குறிப்பிட்ட கிழமைகளில் மட்டும், முன்பதிவு செய்த சிறு குழுக்களை வழிகாட்டியோடு அழைத்துப் போகிறார்கள். அன்று வேலை செய்யும் ஆய்வாளர்களோடு அதே படகில்தான் பயணம். படகு காலையில் சீக்கிரமே கிளம்பிவிடும், ஒருவருக்காகக் காத்திருக்காது. நகரத்திலிருந்து காலையில் வந்து பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடாமல் முதல் நாள் இரவு காம்போவாவிலேயே தங்குவதுதான் புத்திசாலித்தனம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

எப்போது போவது? ஆண்டு மழை சுமார் 2,600 மில்லிமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்குதான் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரைக்குமான வறண்ட காலத்தில் விழுகிறது. அப்போது பாதை காய்ந்திருக்கும், மரங்கள் பூத்திருக்கும், கூடவே உண்ணித் தொல்லை உச்சத்தில் இருக்கும். சுற்றுலாக்காரர்கள் இந்த மாதங்களைத்தான் விரும்புகிறார்கள். விலங்கு பார்க்க வேண்டும் என்றால் மே, ஜூன்தான் மேல். பழங்கள் அதிகம் விழும் பருவம் அது. மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும். அக்டோபர், நவம்பரில் சிவந்த களிமண் பாதை முழுக்க வழுக்கும்.

பையில் வைக்க வேண்டியவை: நீளக் கால்சட்டை, அதன் விளிம்பைச் செருகிவிடும் அளவுக்கு உயரமான சாக்ஸ், பிடிப்புள்ள மூடிய ஷூ, ஒன்றரை லிட்டர் தண்ணீர், உடுப்பு மாற்றாக ஒரு சட்டை, கேமராவுக்கு மூடி இறுகும் பிளாஸ்டிக் பை. உண்ணியை விடப் படுத்துவது, கண்ணுக்கே தெரியாத சிவப்புச் சிறுபூச்சி. புல்லில் இருந்து ஏறி, இடுப்பு வார், சாக்ஸ் விளிம்பு என்று துணி இறுகும் இடத்தில் கடிக்கும். அரிப்பு மறுநாள்தான் தெரியும், ஒரு வாரம் போகாது. கந்தகப் பொடியைச் சாக்ஸ் மேல் தூவிக்கொள்வது இங்குள்ள களப்பணியாளர்களின் பழைய வழக்கம். திரும்பியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்க வேண்டும், அன்று போட்ட துணியைக் கட்டிலில் வீசக் கூடாது. குட்டைக் கால்சட்டையோடு வருகிறவர்களை வழிகாட்டியே திருப்பி அனுப்பலாம்.

மழைக்காலமாக இருந்தால் அன்றிரவு தூங்கப் போகும் முன் டார்ச் எடுத்துக்கொண்டு ஊருக்குள்ளேயே ஒரு குட்டையைத் தேடுங்கள். விரல் நுனி அளவு துங்காரா தவளைகள் அதில் மிதந்துகொண்டு கத்தும். முதலில் இழுத்து இறங்கும் ஒரு ஓசை, அதன் முடிவில் ‘டக்’ என்று ஒரு குட்டை ஒலி. பக்கத்தில் போட்டி இல்லையென்றால் ஆண் தவளை முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளும். போட்டி கூடக் கூட ‘டக்’ சேர்க்கும், ஏனென்றால் பெண் தவளைகள் அதைத்தான் விரும்புகின்றன. தவளை தின்னும் வௌவாலுக்கும் அந்த ஒலி பிடித்திருப்பதுதான் சிக்கல். பாரோ கொலராடோவில் ஒலிபெருக்கி வைத்துச் சோதித்து இதை மெர்லின் டட்டிலும் மைக்கேல் ரையனும் 1981-ல் வெளியிட்டார்கள். ஒலிபெருக்கி மேலேயே வௌவால்கள் வந்து இறங்கின. துணை தேடக் கத்தினால் உயிர் போகலாம், வாயை மூடிக்கொண்டால் வம்சம் போகும்.

மூன்றாம் நாள்: தீவில்

படகுப் பயணம் முக்கால் மணி நேரம். கப்பல் தடத்தை விட்டு விலகியதும் நீருக்குள்ளிருந்து மொட்டை மரத் தண்டுகள் துருத்திக்கொண்டிருப்பது தெரியும். 1913-ல் வெட்டாமலே மூழ்கடித்த காட்டின் மிச்சம். வழி தெரியாத படகின் அடிப்பாகத்தை இவை கிழித்துவிடும். ஏரியில் முதலைகள் உண்டு, குளிக்கும் எண்ணம் வேண்டாம்.

வழியில் மூன்று நான்கு மரம் மட்டுமே நிற்கும் குட்டித் தீவுகளையும் கவனியுங்கள். பெரிய தீவோடு அவையும் அதே காலத்தில் பிறந்தவை. ஒரு ஹெக்டேருக்கும் குறைவான இந்தத் துண்டுகளில் விதையைப் புதைக்கும் விலங்குகள் தங்கவில்லை, எல்லாப் பக்கமும் காற்று அறைகிறது. விளைவாக, சில மர இனங்களே திரும்பத் திரும்ப ஆக்கிரமித்திருக்கின்றன. எக்பர்ட் லீ என்ற சூழலியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். காட்டைத் துண்டு துண்டாக வெட்டினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஏரியே ஒரு சோதனைக்கூடம்.

துறையில் இறங்கியதும் செங்குத்தாகப் படி ஏற வேண்டும். மேலே பழைய ஆய்வுக்கூடம். 1923 ஏப்ரல் 17 அன்று, அமெரிக்கர் வசமிருந்த கால்வாய்ப் பகுதியின் ஆளுநர் இந்தக் குன்றை ஆய்வுக்கான காப்பகமாக அறிவித்தார். பூச்சியியலாளர் ஜேம்ஸ் ஜெட்டெக்கும் ஹார்வர்டின் தாமஸ் பார்பரும் முன்னின்று முயன்றதன் பலன் அது. ஜெட்டெக் 1956 வரை இதைக் கட்டிக் காத்தார். 1946-ல் ஸ்மித்சோனியனின் கைக்கு வந்தது. 1977 ஒப்பந்தங்களின்படி கால்வாய்ப் பகுதி பனாமாவுக்குத் திரும்பியபோது, 1979 முதல் சுற்றியுள்ள ஐந்து தீபகற்பங்களும் சேர்ந்து பாதுகாக்கப்பட்ட நினைவுப் பகுதி ஆயிற்று.

இங்கே ஒரு தப்பெண்ணத்தை விட்டுவிட வேண்டும். படி ஏறி முதல் ஒரு மணி நேரம் நடக்கும் காடு ஆதிக்காடு அல்ல. தீவின் வடகிழக்குப் பாதியில் பிரெஞ்சுக் கால்வாய்க் காலத்தை ஒட்டி மரம் வெட்டி விவசாயம் நடந்திருக்கிறது. தண்டுகள் நெருக்கமாக, ஏறக்குறைய ஒரே பருமனில் நிற்பதைப் பார்த்தால் புரியும். மேல் சமவெளியைத் தாண்டித் தென்மேற்கே போகப் போக மரங்கள் விலகி நிற்கும், பலகை வேர்கள் ஆள் உயரத்துக்கு விரியும், விழுந்த மரம் திறந்துவிட்ட வெளிச்சப் பொத்தல்கள் தெரியும். பழைய காட்டின் மண்ணில் உறைந்த தாவரச் சிலிக்காத் துகள்களை ஆராய்ந்த டொலோரஸ் பைப்பர்னோ, அங்கே பெரிய அளவில் காடழிப்பு நடந்த அடையாளம் இல்லை என்று 1990-ல் காட்டினார்.

நடக்கும்போது கையை எதன் மேலும் ஊன்றக் கூடாது. வழுக்கும்போது தானாகக் கை போவது பக்கத்து மரத்துக்குத்தான். அது கருமுள் பனையாக இருந்தால் தண்டு முழுக்க விரல் நீள முட்கள், உடைந்து உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். மற்ற மரமாக இருந்தால் அடியில் தோட்டா எறும்பின் கூடு இருக்கலாம். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள கறுத்த எறும்பு, கொட்டினால் வலி ஒரு நாள் முழுக்க நிற்கும். பாதையை விட்டு இறங்கினால் கண்ணாடி விரியனின் உறவான நச்சுப் பாம்பு ஒன்று காய்ந்த இலை நிறத்தில் படுத்திருக்கும். ஆகவே வழிகாட்டியின் பின்னால், பாதையின் நடுவில்.

காதில் முதலில் விழுவது ஊளைக்குரங்கு. தீவில் ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. கிளாரன்ஸ் ரே கார்பெண்டர் 1931 டிசம்பரில் தொடங்கி இங்கே இவற்றைப் பின்தொடர்ந்து 1934-ல் வெளியிட்ட ஆய்வு, காட்டில் குரங்குகளின் கூட்ட வாழ்க்கையை முறையாகப் பதிவு செய்த முன்னோடி வேலை. நேர் கீழே நிற்காதீர்கள். குச்சியும் வரும், மற்றதும் வரும். சிலந்திக்குரங்குகளின் கதை வேறு. வேட்டையில் தீவிலிருந்தே அற்றுப்போன இவற்றை 1959 முதல் சந்தைகளில் வாங்கிய குட்டிகளைக் கொண்டு மீண்டும் குடியேற்ற முயன்றார்கள். பிழைத்தவை ஓர் ஆணும் நான்கு பெண்களும்தான். இன்று கிளை தாவுவதெல்லாம் அந்த ஐந்தின் வழிவந்தவை. தப்பித்தவறிக்கூடத் தின்பண்டம் நீட்டாதீர்கள்.

கிளையில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத் தெரிந்தால் அதிர்ஷ்டம். அடைப்பில் வைத்திருந்தவை நாளுக்கு 16 மணி நேரம் தூங்கின என்பதால் சோம்பேறிப் பட்டம் கிடைத்தது. 2008-ல் வெளியான ஆய்வுக்காக, இந்தத் தீவில் சுதந்திரமாகத் திரிந்த ஸ்லாத்துகளின் தலையில் மூளை அலை பதிவுக் கருவி பொருத்திப் பார்த்தபோது 9.6 மணி நேரம்தான் வந்தது.

தரையில் ஓடும் அகூட்டியை எளிதாகப் பார்க்கலாம். முயலைவிடச் சற்றுப் பெரிய, வாலற்றது போன்ற கொறிணி. முள் பனையின் கொட்டையை ஒவ்வொன்றாகப் புதைத்து வைத்துப் பஞ்ச மாதங்களில் தோண்டித் தின்னும். கொட்டைகளில் ரேடியோ கருவி கட்டிப் பின்தொடர்ந்த பாட்ரிக் யான்சன் குழு 2012-ல் சொன்னது இது: புதைத்ததை வேறு அகூட்டி திருடி வேறிடத்தில் புதைக்கும், அதை இன்னொன்று திருடும். ஒரு கொட்டை 36 முறை புதைபட்டு, மொத்தம் 749 மீட்டர் பயணம் செய்து, தொடங்கிய இடத்திலிருந்து 280 மீட்டர் தள்ளிப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கொட்டையைப் பரப்பியிருக்க வேண்டிய பெரும் விலங்குகள் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்தும் பனை எப்படித் தொடர்ந்து பரவுகிறது என்ற கேள்விக்கு இந்தத் திருட்டுச் சங்கிலி ஒரு பதில்.

சமவெளியில் தண்டுகளில் சிறு அலுமினிய வில்லைகள் தொங்க ஆரம்பித்தால் 50 ஹெக்டேர் கணக்கெடுப்புத் தளத்துக்குள் வந்துவிட்டீர்கள். பலரும் இதைக் கவனிக்காமல் குரங்கைத் தேடிக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். பாரோ கொலராடோவின் புகழ் பெரும்பாலும் இந்த வில்லைகளில்தான் தொங்குகிறது.

1980-ல் ஸ்டீபன் ஹப்பலும் ராபின் ஃபாஸ்டரும் தொடங்கினார்கள். நீளம் 1,000 மீட்டர், அகலம் 500. அதை 20 மீட்டர் சதுரங்களாக, மொத்தம் 1,250 ஆகப் பிரித்து மூலைக்கு மூலை முளை அடித்தார்கள். ஒவ்வொன்றும் 5 மீட்டர் சதுரங்களாக மறுபடி பிரியும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் 1 சென்டிமீட்டர் குறுக்களவு தொட்ட எந்த மரத் தண்டும், குற்றுச்செடியானாலும், எண் பெறும், வரைபடத்தில் புள்ளி பெறும், இனம் அடையாளம் காணப்படும். ஒல்லித் தண்டுக்குக் காலிப்பர், பருத்ததற்குக் குறுக்களவு நாடா. 1985-க்குப் பிறகு ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒரு முறை மறு கணக்கெடுப்பு. ஒவ்வொரு முறையும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட தண்டுகள், சுமார் 300 இனங்கள்.

பிழை எங்கெல்லாம் நுழையும் என்பதும் தெரிய வேண்டியது. பலகை வேர் உள்ள மரத்தில் 1.3 மீட்டரில் நாடா சுற்றினால் வேரின் விரிப்பைத்தான் அளப்பீர்கள், மரம் பூதமாகிவிடும். ஏணி வைத்து வேருக்கு மேலே தண்டு உருண்டையாகும் இடத்தில் அளந்து, அங்கே பெயிண்ட் கோடு போட வேண்டும். ஐந்தாண்டில் வேர் மேலேறி அந்தக் கோட்டையும் விழுங்கும். அப்போது அளவுப் புள்ளியை இன்னும் மேலே மாற்றினால், மேலே தண்டு ஒல்லியானது என்பதால் மரம் சுருங்கிவிட்டதாகக் கணக்கு காட்டும். மாற்றிய உயரத்தை எழுதி வைக்காத அளவு வளர்ச்சிக் கணக்குக்கு உதவாது. நாடாவுக்கு அடியில் கொடி மாட்டிக்கொள்வது, கறையான் மண் ஒட்டியிருப்பது, வறட்சியில் பட்டை சுருங்குவது எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் சேரும். முதல் இரண்டு கணக்கெடுப்புகளில் 5.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த தண்டுகளை 5 மில்லிமீட்டர் படிகளாகக் கீழ்நோக்கி முழுமையாக்கினார்கள். அதைக் கவனிக்காமல் பின்னால் வந்த அளவோடு ஒப்பிட்டால் செடிகளெல்லாம் திடீரென்று வேகமாக வளர்ந்தது போலத் தோன்றும்.

இவ்வளவு பாடு எதற்கு? ஒரு சின்ன இடத்தில் 300 மர இனம் ஒன்றையொன்று ஒழிக்காமல் எப்படி வாழ்கின்றன என்ற கேள்விக்காக. சூழலியலாளர்கள் ஜான்சனும் கானலும் 1970, 1971-ல் தனித்தனியே சொன்ன விடை: தாய் மரத்தடியில் அதன் பூச்சியும் பூஞ்சையும் காத்திருக்கும், அங்கே விழும் சொந்தக் கன்று சாகும், வேற்றினக் கன்று பிழைக்கும். ஆகவே எந்த இனமும் ஓரிடத்தில் கூட்டமாகிவிட முடியாது. இனங்களுக்குள் பெரிய வேறுபாடே வேண்டாம், பிறப்பு, இறப்பு, தற்செயல் போதும் என்று ஹப்பல் 2001-ல் வாதிட்டார். சண்டை இன்னும் ஓயவில்லை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் சொந்தக் கன்றைத்தான் அதிகம் தாக்குகின்றன என்று இதே தீவில் செய்த பானைச் சோதனைகள் 2010-ல் காட்டியதால் முதல் கட்சிக்குக் கை சற்று ஓங்கியிருக்கிறது.

இதே அளவுமுறையைத்தான் முதுமலையிலும் பின்பற்றுகிறார்கள். ராமன் சுகுமாரின் குழு 1988-ல் அங்கே 50 ஹெக்டேர் தளம் அமைத்தது. அங்கே இனங்கள் 70-ஐ ஒட்டி, தண்டுகள் சுமார் 25,000. காரணம் தீயும் வறட்சியும் யானையும். இலங்கையின் சிங்கராஜ வனத்தில் 25 ஹெக்டேரிலேயே சுமார் 2 லட்சம் தண்டுகள். மலேசியாவின் பாசோவில் 50 ஹெக்டேருக்கு 800-க்கு மேற்பட்ட இனங்கள். அந்த வரிசையில் வைத்தால் பாரோ கொலராடோ இனச் செழிப்பில் நடுத்தரம்தான். நீண்ட காலம் விடாமல் அளந்ததுதான் அதன் பெருமை.

தளத்துக்குள் ஆங்காங்கே தூளி போலத் தொங்கும் வலைகள் விதைப் பொறிகள். அரைச் சதுர மீட்டர் வீதம் 200. 1987 முதல் வாரா வாரம் அவற்றில் விழுந்த பூ, பழம், விதையை எண்ணுகிறார்கள். இதன் அருமை தெரிய 1970-ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு வறண்ட காலத்தில் மழை பெய்தது. காய்ந்து பிறகு நனைவதைத்தான் பல மரங்கள் பூக்கும் அறிகுறியாக எடுத்துக்கொள்கின்றன. அது கிடைக்காததால் பிற்பருவப் பழம் பொய்த்தது. பழந்தின்னிகள் பட்டினியில் செத்துப் பாதைகளில் கிடந்தன. மழைக்காட்டில் கூடுதல் மழையும் பஞ்சம் கொண்டுவரும்.

பெரிய மரங்களைப் பொறுத்தவரை எதிரி மின்னல். 60 சென்டிமீட்டருக்கு மேல் பருத்த மரங்களின் சாவில் சுமார் 40 விழுக்காடு மின்னலால் என்று ஸ்டீவ் யானோவியாக் குழு கணக்கிட்டது. விதிவிலக்கு அல்மென்ட்ரோ மரம். மின்னல் தாக்கினாலும் பெரிய காயமில்லாமல் நிற்கிறது, மேலே படர்ந்த கொடிகளும் அண்டை மரங்களும் கருகி வெளிச்சம் கிடைக்கிறது. இவான் கோராவும் உடனிருந்தவர்களும் 2025-ல் இதை எழுதினார்கள். வழியில் வானளாவ நிற்கும் சாம்பல் நிறத் தண்டு இலவ மரம். நம்மூரில் தலையணைக்குப் பஞ்சு தரும் அதே இனம், இங்கே அது பூர்வகுடி. இரவில் பூத்து வௌவாலை அழைக்கும்.

மதியம் ஆய்வுக்கூட உணவறையில் சாப்பாடு, பின் படகு. சைவர்கள் முன்பதிவிலேயே சொல்லிவிட வேண்டும்.

நான்காம் நாள்: எண்ணெய்க்குழாய்ச் சாலை

தீவை மட்டும் பார்த்துத் திரும்புவது பாதிப் படிப்பு. காம்போவாவுக்கு வடக்கே சொபெரானியா தேசியப் பூங்காவுக்குள் போகும் சுமார் 17 கிலோமீட்டர் மண்பாதையில் விடியற்காலை ஆறு மணிக்கு இருங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் குழாய் பதிக்கப் போட்ட சாலை. முதல் ஆறு கிலோமீட்டர் போதும். எட்டரை மணிக்கு மேல் பறவைகள் அடங்கிவிடும்.

தேட வேண்டியது படை எறும்பை. அகலமாக விரிந்து வரும் அதன் முன்னணி கிளப்பிவிடும் கரப்பான், சிலந்தி, வெட்டுக்கிளியைப் பிடிக்கவே ஒரு பறவைக் கூட்டம் கூட வரும். எறும்பைக் கண்ணால் தேடாதீர்கள், தாழ்வான புதரிலிருந்து வரும் எரிச்சலான ‘கிர்ர்’ ஒலியைக் கேளுங்கள். கண்டதும் முன்னணியிலிருந்து ஐந்தடி விலகி, தொடர்ந்து கீழே பார்த்தபடி நில்லுங்கள், எறும்பு வரிசை பின்னாலும் வளைந்து வரும். செதில் செதிலாகச் செம்பழுப்பு உடல், கண்ணைச் சுற்றி வெற்றுநீலத் தோல் உள்ள பெரிய எறும்புப் பறவை தெரிந்தால் அன்றைய நாள் பலித்தது. நீருக்கு அப்பால், தீவில் அது இல்லை. 1970-ஐ ஒட்டி அற்றுப்போனது.

அது மட்டுமல்ல. தீவான பிறகு சுமார் 65 பறவை இனங்கள் அங்கே மறைந்திருக்கின்றன. சில, இளங்காடு முதிர்ந்ததால் போன திறந்தவெளிப் பறவைகள், அது இயல்பு. மற்றவை காட்டின் கீழ்த்தட்டுப் பறவைகள். படை எறும்புக் கூட்டம் 15 நாள் அலைந்து 20 நாள் ஓரிடத்தில் தங்கும். தங்கும் நாட்களில் வேட்டை குறைவு. ஆகவே எறும்பை நம்பிய பறவைக்குப் பல கூட்டங்கள் எட்டும் தூரத்தில் வேண்டும். 1,560 ஹெக்டேரில் அது இறுக்கம். வறட்சியில் எண்ணிக்கை சரிந்தால் மீண்டும் நிரப்ப வெளியிலிருந்து வர வேண்டும். இங்கேதான் தண்ணீர் குறுக்கே நிற்கிறது. காட்டுப் பறவைகளைப் பிடித்துப் படகில் ஏற்றி, கரையிலிருந்து 100, 200, 300 மீட்டரில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். சில இனங்கள் 100 மீட்டரைக்கூடக் கடக்க முடியாமல் நீரில் விழுந்தன, அவற்றை மீட்டார்கள். காட்டு நிழலிலேயே கிளைக்குக் கிளை தாவி வாழ்ந்த சிறகுகளுக்கு அந்தத் தூரம் பழக்கமில்லை. பறவைதானே, பறந்து வந்துவிடும் என்ற எண்ணத்தோடு காட்டுத் துண்டுகளுக்குத் திட்டம் போடுகிறவர்கள் இந்தச் சோதனையைப் படிக்க வேண்டும்.

ஐந்தாம் நாள்: காத்தூன்

கடைசி நாளை ஏரியைத் தேக்கிய அணைக்குக் கொடுக்கலாம். பார்க்க அவ்வளவு கம்பீரமில்லை, புல் மூடிய நீண்ட மேடுதான். அழகு கலிங்கில் இருக்கிறது. மழைக்காலக் கடைசியில் கதவு திறந்தால் சாக்ரஸ் பழைய ஆறாகக் கரீபியன் கடலுக்கு ஓடும். கொலோன் நகரில் சுற்றித் திரியாமல் வண்டி பேசிக்கொண்டு நேரே அகுவா கிளாரா பார்வையிடத்துக்குப் போங்கள். 2016-ல் திறந்த பெரிய லாக்குகள் அங்கே. தொட்டிக்கு மூன்று பக்கக் குளங்கள் வைத்து ஒவ்வொரு முறையும் நீரில் 60 விழுக்காட்டைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

அப்படியும் போதவில்லை. 2023-ல் மழை பொய்த்து ஏரி இறங்கியபோது, வழக்கமாக நாளுக்கு 36 வரை போகும் கப்பல்களை 2024 ஜனவரியில் 24 ஆகக் குறைத்தார்கள். நாட்டு மக்களில் சுமார் பாதிப் பேருக்குக் குடிநீரும் இந்த நீர்ப்பிடிப்பிலிருந்துதான். அதனால் மேற்கே ரியோ இந்தியோ ஆற்றை அணை கட்டித் தேக்கி, சுரங்கக் குழாய் வழியாகக் காத்தூனுக்கு நீர் கொண்டுவரத் திட்டம் போட்டிருக்கிறது கால்வாய் ஆணையம். சுமார் 4,600 ஹெக்டேர் மூழ்கும், 2,000-க்கு மேற்பட்டவர்கள் இடம்பெயர வேண்டும். 2025-ல் அந்த ஊர் விவசாயிகள் ஆற்றில் படகுகளை வரிசையாக ஓட்டி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆணையம் வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடத்தியது.